இன்னும் ஏறட்டும்

என் சின்னவனுக்கு,

இன்று டாலர் மறுபடியும் ஏறிவிட்டது. கடையில் எண்ணெய் விலையைக் கேட்டவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். நான் மட்டும் பழக்கதோஷத்தில் வீட்டுக்கு ஓடிவந்து போன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். சம்பளத்தை அனுப்பாமல் வைத்திருந்து, நம் பணத்தின் மதிப்பு விழும் நாளில்தானே நீ கூப்பிடுவாய்? "ஏறிடுச்சும்மா, இப்ப அனுப்புறேன். ஊரு வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிறோம், போ!" என்று சிரிப்பாய்.

உன் துணிப்பெட்டியோடு கம்பெனி அனுப்பிய தொகை வங்கியில் டாலராகவே கிடக்கிறது.

"இன்னைக்கு மாத்துனா நல்ல லாபம்மா" என்றார் மேனேஜர்.

"இன்னும் ஏறட்டும் சார். எப்ப மாத்தணும்னு பையன் கூப்பிட்டுச் சொல்லுவான்."

அவர் மேசை விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார்.

உன் அண்ணன் திட்டுகிறான். திட்டட்டும். மாற்றிவிட்டால், அப்புறம் நீ எதற்காகக் கூப்பிடுவாய்?

போன் பக்கத்திலேயே இருக்கும்,
அம்மா