பின்வாசல் வழியே வந்த சம்பந்தியம்மாவுக்கு

சம்பந்தியம்மா,

மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த வெள்ளைப் பெட்டியைச் சரி செய்ய இன்று காலை ஓர் ஆள் வந்தான். பாக்கார் ஆராங்கில் உங்கள் வீட்டுக்கு ஒன்று, பீடோங்கில் என் வீட்டுக்கு ஒன்று என்று உங்கள் மகன் ஒரே நாளில் மாட்டினாரே, எந்த நேரத்தில் எவ்வளவு கரண்டு ஓடுகிறது என்று போனில் காட்டுகிற பெட்டி. அதில் ஓட்டையாம். விற்றவர்களே ஆளனுப்பி வீடு வீடாக அடைக்கிறார்கள்.

"என்ன ஓட்டை தம்பி, பல்லி கில்லி பூந்திருச்சா?"

"இல்ல பாட்டி. மொதப் பக்கம் மட்டுந்தான் பாஸ்வேர்டு கேக்குது. உள்பக்கத்து அட்ரச நேரா தட்டுனா, கேள்வியே இல்லாம தொறந்துக்குது. கடைசி நம்பர மாத்துனா அடுத்த பெட்டி. முன்வாசல்ல பூட்டு, பின்வாசல் தொறந்து கெடக்குது லா."

பின்வாசல் என்றதும் உங்கள் முகந்தான் வந்தது. நீங்கள் என்றைக்கு முன்கேட் வழியாக வந்தீர்கள்? பின்சந்து வழியாகச் சுற்றி அடுப்படிக்குள் நுழைந்து, சட்டி மூடியைத் திறந்து பார்த்த பிறகுதான் "நல்லா இருக்கீங்களா" என்பீர்கள். என் மகள் கல்யாணத்துக்கு நான் வைத்த ரசத்தை, "தண்ணியா இருக்கு" என்று பந்தியில் சொன்ன வாய் அது. பதினெட்டு வருஷம் ஆகிறது. மறக்கவில்லை.

அதை விடுங்கள். ஏர்கோனுக்கு வருகிறேன். "ரப்பர் தோட்டத்துல பால் வெட்டின ஒடம்பு, எனக்கெதுக்கு ஏர்கோன்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவள் நான். ஒரு வளைகாப்பு வீட்டில் எட்டுப் பெண்கள் நடுவில் நீங்கள் கேட்டீர்கள்: "நேத்து ரெண்டு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் நல்ல தூக்கமா சம்பந்தியம்மா? ரொம்ப குளிரலயே?"

வாயில் போட்ட லட்டு இறங்கவில்லை.

நான் மத்தியானத்தில் ஏர்கோன் போடுவது என் மகள் ஒருத்திக்குத்தான் தெரியும். "மாமியாருக்குக் கோள் சொல்றியா?" என்று போனில் பிடித்து ஏறினேன். "நான் ஒண்ணும் சொல்லலம்மா" என்று அழுதாள். நம்பவில்லை. இரண்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. உங்கள் கருமாதியில்கூட நான் ஒரு மூலை, அவள் ஒரு மூலை.

இன்றைக்கு அந்தப் பையன் ஒரு பட்டியலைக் காட்டினான். பூட்டைத் திறக்காமல் என் பெட்டிக்குள் வந்து போனவர்கள்.

"ஒரே ஒரு போன் பாட்டி. பாக்கார் ஆராங் பெட்டியையும் இதே போனுதான் பாக்குது. காலையில ஆறு மணி, மத்தியானம் ரெண்டு மணி. ஒரு நாள் தவறல. தைப்பூசத்துக்கு மொத நாளோட நின்னுபோச்சு."

அது நீங்கள் போன நாள்.

உங்கள் போன் உறைக்குள் ஒரு துண்டுக் காகிதம் இருக்குமே, அதுதான் ஞாபகத்துக்கு வந்தது. பாஸ்வேர்டு மனசில் நிற்காமல் அட்ரசை எழுதி வைத்திருப்பீர்கள். ஒரு நாள் கடைசி எண்ணைத் தப்பாகத் தட்டியிருப்பீர்கள், என் வீடு திறந்திருக்கும். வேறு யாராவது என்றால் மகனிடம் சொல்லியிருப்பார்கள். நீங்களா சொல்வீர்கள்? பாவம், என் மகள் பழி சுமக்க, நீங்கள் கம்மென்று காப்பி குடித்திருக்கிறீர்கள்!

இரண்டு மணி புரிகிறது. காலை ஆறு மணிக்கு என்ன வேலை?

"அந்த நேரத்துல கரண்டு கோடு கொஞ்சம் மேல ஏறுது பாட்டி. கெட்டில் போடுவீங்களோ?"

போடுவேன். ஒரே ஒரு நாள் போடவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்த நாள். ஏழு மணி ஆகவில்லை, உங்கள் மகனை இழுத்துக்கொண்டு வந்து பின்கதவை உடைக்காத குறையாகத் தட்டினீர்கள். "என்னமோ மனசே சரியில்ல, கெளம்பி வந்துட்டோம்" என்றீர்கள். ஈரக் கைலியோடு நான் கிடந்ததைப் பார்த்துவிட்டீர்களே என்று அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன்.

"ஓட்டைய அடைச்சிரவா பாட்டி?"

"அடை. களவாணிப் பயலும் வருவான்ல."

புதுப் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். இனி நானாகக் கொடுத்தால்தான் யாரும் பார்க்க முடியுமாம். மகளுக்குப் போன் போட்டேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை என்று உங்களுக்கே தெரியும்.

"கோள் சொன்னது நீயில்லயாம். நாளைக்கு மீன் கறி வைக்கிறேன். வர்றியா?"

மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஏர்கோன் போட்டு வைங்க, வர்றேன்" என்றாள். உங்களோடு இருந்து கெட்டுப்போனவள்.

பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். "காலையில ஆறு மணிக்குப் பாரு. ரெண்டு மணிக்குப் பாக்காத."

ரசக் கோபம் அப்படியே இருக்கிறது. என் மகளைக் குற்றவாளியாக நிற்க விட்டதும் இருக்கிறது. அங்கே வந்து நேரில் கேட்பேன், அவசரமில்லை. நாளைக் காலை கெட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றிப் போடப் போகிறேன். ஒருத்தி குடிக்க ஒரு தம்ளர் போதும். கோடு நன்றாக ஏறட்டும்.