அப்பா கை தட்டவில்லை

சனிக்கிழமை, இரவு.

சிதம்பரத்தில் மேற்கத்திய செவ்வியல் இசை ஆர்கெஸ்ட்ரா கேட்டுவிட்டு இப்போதுதான் கடலூர் வந்து சேர்ந்தோம். எல்லாமே அமெரிக்காவைப் பற்றிய இசை. பத்தாம் வகுப்பு வந்துவிட்டது, வயலினை நிறுத்திவிடு என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பாவை, இதைக் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள் என்று கெஞ்சிக் கூட்டிப்போயிருந்தேன்.

நடுவில் கை தட்டக் கூடாது, எல்லாம் முடிந்த பிறகுதான் தட்ட வேண்டும் என்று புத்தகத்தில் படித்ததை அவரிடம் முன்பே சொல்லிவைத்தேன். அவரும் பூசையில் உட்காருவது போலக் கையைக் கட்டிக்கொண்டார்.

புல்வெளியைப் பற்றிய பகுதியில் வயலின் வில்கள் அத்தனையும், காற்றில் நெற்பயிர் சாய்வது போல ஒன்றாகச் சாய்ந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்தது. "ஒரு சினிமா பாட்டாச்சும் வாசிக்க மாட்டாங்களா?" என்று முனகிக்கொண்டிருந்த பின்வரிசை அக்காகூட அடங்கிவிட்டார்.

முடிந்ததும் மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. அப்பா மட்டும் கட்டிய கையைப் பிரிக்கவில்லை. அவருக்குப் பிடிக்கவில்லை, இனி வயலின் கிடையாது என்று நினைத்தேன். திரும்பும் பேருந்து ஆலப்பாக்கம் தாண்டியதும் நானே கேட்டேன்.

"ஏம்ப்பா கை தட்டல? அதான் முடிஞ்சிடுச்சே."

"அவுங்களுக்கு முடிஞ்சிடுச்சும்மா. எனக்கு இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு."

பிறகு என் பக்கம் திரும்பி, "அவ்வளவு பேர் வயலின் வாசிச்சாங்களே, அதுல நீ எந்தப் பக்கம் உக்காருவ?" என்றார்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பதிலை இப்போதுதான் இங்கே எழுதுகிறேன்.

இடது பக்கம், அப்பா. கடைசி நாற்காலி கிடைத்தால்கூடப் போதும்.