அரை மணி நேரமுங்க

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்தே தூறல், காற்று. துடியலூர் பஸ்ஸில் குடையை விட்டுவிட்டேன். இந்த வருடம் மூன்றாவது.

கைடு சார் முகம் சரியில்லை. எந்த வேலையை எப்போது தொடங்கினால் ஆர்டர் எப்போது முடியும் என்று கணித்துச் சொல்வதுதான் என் பிஎச்.டி. மோட்டார் பட்டறையில் போன ஆர்டர் வெள்ளி காலை பதினொன்றுக்கு முடியும் என்றேன். சனி மாலைதான் முடிந்தது.

"அடுத்த ஆர்டரும் ஒத்து வரலீன்னா பட்டறைய உட்டுருங்க. நெட்ல கெடைக்கற ரெடிமேட் கணக்கு ஒண்ண எடுத்துச் செஞ்சுக்கலாம்."

ஒன்றரை வருட உழைப்பு. எனக்குப் பிடித்த ஒரே அத்தியாயம். மதியம் சோறு இறங்கவில்லை. (நாலு மணிக்கு ரெண்டு போண்டா இறங்கியது.)

ஜூன் 10, செவ்வாய்

வெயில். துணி துவைத்தேன். புரோகிராமை மூன்று தடவை பார்த்தாயிற்று, தப்பு அதில் இல்லை. நான் கேட்டு எழுதிய நேரங்களில்:

லேத் – அரை மணி
வைண்டிங் – அரை மணி
வார்னிஷ் காய – அரை மணி (காய!)
டெஸ்டிங் – "அரை மணி நேரத்துல ஆயிருமுங்க"

இது இப்போதுதான் கண்ணில் படுகிறது என்பதுதான் வெட்கம். நானும் இந்த ஊர்க்காரிதானே. கேட்டவர் முகம் வாடும்படி இங்கே யார் பதில் சொல்வார்கள்? கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றால் இன்னும் மோசம், எனக்காக ஓடி ஓடிச் செய்கிறார்கள்.

ஜூன் 11, புதன்

பட்டறை. வைண்டிங் சரசக்கா டீ கொடுத்தார். மறுபடி கேட்டேன், ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்ற எவ்வளவு நேரம்?

"அரை மணி போதுங் கண்ணு."

எரிச்சலில், லேத் செந்திலண்ணனுக்கு எவ்வளவு ஆகும் என்றேன். சிரித்தார்.

"அவருங்களா? ஒண்ணேகால் மணி ஆகுமுங்க. டூல் தேஞ்சா சாணை புடிக்கோணும், நடுவுல ரெண்டு போன் பேசோணும்."

நேரே செந்திலண்ணனிடம் போய் அக்காவைப் பற்றிக் கேட்டேன்.

"ரெண்டு மணி நேரமுங்க. கம்பி அந்து போச்சுன்னா மறுக்கா மொதல்ல இருந்து. நாஞ் சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்க."

எல்லோரையும் பற்றி அடுத்தவரிடம் கேட்டு எழுதினேன். வார்னிஷ் காய மூன்று மணி. எவ்வளவு எளிது, எவ்வளவு முட்டாள் நான். பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன், பக்கத்துப் பெண் தள்ளி உட்கார்ந்தாள்.

ஜூன் 12, வியாழன்

புது ஆர்டர், ஆறு மோட்டார். காலை எட்டரைக்கு ஆரம்பம். முடிவு: நாளை மாலை 4.10. நேரங்களை யாரைப் பற்றி யாரிடம் கேட்டேன் என்பதையும் எழுதி சாருக்கு முன்னதாகவே அனுப்பிவிட்டேன், இனி மாற்ற முடியாது.

சரசக்கா: "நாளைக்கு மத்தியானமே முடிச்சுக் குடுத்துப்போடறோமுங்க."

ஜூன் 13, வெள்ளி

சாரே பட்டறைக்கு வந்துவிட்டார். மத்தியானம் போனது. மூன்று மணிக்கு இன்னும் வார்னிஷ். 4.10க்குக் கடைசி மோட்டார் டெஸ்டிங்கில். 4.25க்கு முடிந்தது. கால் மணிதான் பிசகு.

"மத்தியானமே முடிஞ்சிருக்கோணும். மன்னிச்சுக்கோங்க கண்ணு," என்றார் சரசக்கா. அவருக்கு வருத்தம். எனக்கோ தலைகால் புரியவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வார்னிஷ் வாசம்.

சார்: "அத்தியாயம் இருக்கட்டும். எப்ப எழுதித் தருவீங்க?"

"பத்து நாள்லீங்க சார்."

டைரியைத் திறந்தார். "உங்க பக்கத்து சீட் ஜெனிபர் எழுதுனா?"

"ரெண்டு மாசம் ஆகுமுங்க."

ஆகஸ்ட் என்று குறித்துக்கொண்டார்.