ஒன்பது நாள் ஜலதோஷம்

தோக்கியோ
21 மே 1991

அன்புள்ள மிசோகுச்சி அண்ணனுக்கு,

போன வாரம் திங்கட்கிழமை உங்கள் வீட்டில் சாப்பிட்ட மூங்கில்குருத்துச் சோறு இன்னும் நாக்கிலேயே இருக்கிறது. மூன்றாவது கிண்ணம் கேட்டபோது சிஸுயே அண்ணி, "தோக்கியோல உங்களுக்குச் சோறே போடறதில்லையா?" என்றார்கள். அதை என் மனைவியிடம் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அண்ணிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

நேற்று உங்கள் பெட்டி வந்தது, ரசீதில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன். இரண்டு வருடக் குறிப்புகள், வரைபடங்கள், அளவுகள் எல்லாம் ஒரே மூச்சில்! வாராவாரம் கெஞ்சினாலும் ஒரு தாளுக்கு மேல் தராத மனிதராயிற்றே நீங்கள்! என்ன அவசரம்? நன்றி சொல்லப் போன் செய்தால், ஜலதோஷமாம், ஒரு வாரமாக ஆபீசுக்கே வரவில்லையாம். வெந்நீர் குடியுங்கள்.

அடுத்த மாதக் கண்காட்சியில் எங்கள் தலைவர் மேடையேறி, எங்கள் தோனானும் உங்கள் கமோயாவும் சேர்ந்து செய்யும் வீடியோ விளையாட்டுக் கருவியை அறிவிக்கப் போகிறார். எங்கள் பழைய கருவி உங்கள் கருவியிடம் மண்ணைக் கவ்வியபோது, இரண்டு கம்பெனியும் ஒரே மேசையில் உட்காரும் என்று யார் நினைத்தார்கள்? முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும், "தோத்த கம்பெனிக்காரர் வந்துட்டார், டீ குடுங்கப்பா" என்றீர்களே, அந்த டீக்கும் நன்றி.

உங்கள்
உராத்தா


தோக்கியோ
5 ஜூலை 1991

திரு. மிசோகுச்சி அவர்களுக்கு,

எங்கள் தலைவர் அறிவித்த மறுநாள் காலை, அதே மேடையில் உங்கள் தலைவர் ஏறி, கமோயா ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோடு சேரப்போகிறது என்றார். எங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் தலைவர் முகத்தை நான் பார்த்திருக்கவே கூடாது.

அதையாவது பொறுத்துக்கொண்டேன். நேற்று வக்கீல்கள் ஒரு நகலைக் காட்டினார்கள். நம் ஒப்பந்தத்தை முறிக்கும் காகிதம், உங்கள் கம்பெனியில் மேசை மேசையாகச் சுற்றிப் பதினொரு அதிகாரிகளின் முத்திரை வாங்கியிருக்கிறது. கடைசி முத்திரை உங்களுடையது, மே 22. உங்கள் மேசைக்கு அது வந்த தேதி மே 13. அன்று மாலைதானே உங்கள் வீட்டில் நான் மூன்றாவது கிண்ணம் கேட்டேன்? தெரிந்துகொண்டேதான் சோறு போட்டீர்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அந்த முத்திரையைக்கூடத் தலைகீழாகக் குத்தியிருக்கிறீர்கள். என் கழுத்தை அறுப்பதற்கு அவ்வளவு அவசரமா?

கமோயாவின் தாள் ஒன்றுகூட இந்தக் கட்டடத்தில் இருக்கக் கூடாது என்று இங்கே உத்தரவு. தனியாகவே கருவியைச் செய்து முடிக்கிறோம் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். அந்தப் பெட்டியில் உள்ள குறிப்புகள் இல்லாமல் அது நடக்காது. அவை எங்களுக்குச் சொந்தமா, இல்லையா என்று வக்கீல்களுக்கே சந்தேகம். மாதக் கடைசியில் முடிவு சொல்வார்கள். இல்லை என்றால் என் ஆட்கள் ஆறு பேரும் நானும் அரிசிக் குக்கர் பிரிவுக்குப் போக வேண்டியதுதான்.

உராத்தா


கியோத்தோ
9 ஜூலை 1991

அன்புள்ள தம்பி உராத்தாவுக்கு,

நன்றாகத் திட்டியிருக்கிறாய். சிஸுயே படித்துவிட்டு, "நல்லா வேணும் உங்களுக்கு" என்றாள்.

சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ உன் தலைவரிடம் ஓடியிருப்பாய், அவர் எங்கள் தலைவருக்குப் போன் போட்டிருப்பார், அன்றைக்கே என் அலமாரியைப் பூட்டியிருப்பார்கள். ஒப்பந்தத்தில் பதினான்காவது பிரிவைப் படி. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது ஒருவர் மற்றவருக்கு அனுப்பிய குறிப்புகள் இருவருக்கும் சொந்தம். பதினோராவது முத்திரை விழுந்தபின் ஒரு தாள் வெளியே போகாது. பதினோராவது ஆள் நான்.

அதனால்தான் எனக்கு ஜலதோஷம் வந்தது. குறிப்புகளையும் முத்திரையையும் எடுத்துக்கொண்டு வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டேன், அதாவது உட்கார்ந்து உனக்கு நகல் எழுதினேன். ஆபீசிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம் போர்வைக்குள் போய்விடுவேன். "தும்மல்கூட வராத மனுஷனுக்கு ஒம்பது நாள் கஞ்சி காய்ச்சினேன், அந்தத் தம்பிகிட்ட அதையும் எழுதுங்க" என்கிறாள் சிஸுயே. நீ கையெழுத்துப் போட்ட ரசீது 22ஆம் தேதி காலை வந்து சேர்ந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஆபீசுக்குப் போனேன்.

முத்திரை விஷயம். எங்கள் கம்பெனியில், மறுக்க முடியாது, ஆனால் மனமில்லை என்றால் தலைகீழாகக் குத்துவது பழைய வழக்கம். தோக்கியோவில் அதை அவசரம் என்று படிப்பீர்கள் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. உனக்கு வந்த வலிக்கு அதுவும் ஒரு காரணமென்றால் மன்னித்துக்கொள். எங்கள் தலைவருக்கு நன்றாகவே புரிந்தது. இப்போது நான் பழுதுபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். பிள்ளைகள் ஜூஸ் கொட்டிய கருவிகளைத் துடைக்கிறேன். நீ ஒன்றும் அதற்காக அழ வேண்டாம்.

ரசீதை இதோடு வைத்திருக்கிறேன். உன் வக்கீலிடம் கொடு.

மிசோகுச்சி


தோக்கியோ
2 ஆகஸ்ட் 1991

என் அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை ரயிலில் நின்றுகொண்டு படித்தேன். இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டி மூன்று நிலையம் போய்விட்டேன். நான் எழுதியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தயவுசெய்து அதைக் கிழித்துப் போடுங்கள்.

தேதியைப் பார்த்ததும் வக்கீல் ரசீதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எங்கள் தலைவர் முழுக்கதையும் கேட்டுவிட்டு, "ஒம்பது நாள் போர்வைக்குள்ளயா? இப்படி ஒரு ஆள் நமக்கு வாய்க்கலையே!" என்று சிரித்தார். ஜூன் மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான். பிறகு சொன்னார்: "செய்யுங்க. தனியாவே செய்யுங்க."

அண்ணா, இங்கே வந்துவிடுங்கள். தலைவரே சொல்லச் சொன்னார். ஜூஸ் துடைக்கிற கையா அது? பதில் போடுங்கள்.

என்றும் நன்றியுள்ள
உராத்தா


கியோத்தோ
10 டிசம்பர் 1994

அன்புள்ள தம்பி உராத்தாவுக்கு,

மூன்று வருடத்தில் நீ ஏழு கடிதம் போட்டாய். நான் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. கல்நெஞ்சன் என்று நினைத்திருப்பாய். கமோயா ஆளிடமிருந்து உன் மேசைக்கு ஒரு கடிதம் வந்திருந்தால், குறிப்புகள் எப்போது, எப்படி வந்தன என்று வக்கீல்கள் மறுபடியும் தோண்டியிருப்பார்கள். உன் கருவி கடைக்கு வரும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஏழு கடிதங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை உன் கருவி வந்துவிட்டது. வரிசையில் நின்று வாங்கினேன். எனக்குப் பின்னால் நின்ற கல்லூரிப் பையன், "பேரனுக்கா சார்?" என்றான். எனக்கு நாற்பத்தெட்டுதான் ஆகிறது என்று சொல்லிவைத்தேன்.

திங்கட்கிழமை எங்கள் தலைவர் என்னைப் பழுதுபார்க்கும் பிரிவிலிருந்து மேலே வரச் சொன்னார். மேசைமேல் உன் கருவி. "பிரிச்சுக் காட்டுங்க" என்றார். பிரித்தேன். நாம் இரண்டு பேரும் முட்டிக்கொண்டு நின்ற இடங்களையெல்லாம் நீ தாண்டிப் போயிருக்கிறாய். நான் செய்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. இதை எழுதும்போதே கொஞ்சம் வயிறு எரிகிறது.

"நம்மளால இத ஜெயிக்க முடியுமா?" என்று கேட்டார்.

"இந்தத் தடவை முடியாது சார்."

பிரித்த பாகங்களை என் பக்கம் தள்ளினார். பிறகு, "அடுத்த கருவிய நீங்க செய்யுங்க" என்றார்.

நீ அரிசிக் குக்கர் செய்யப் போயிருந்தால் நான் ஓய்வு பெறும்வரை ஜூஸ்தான் துடைத்துக்கொண்டிருப்பேன். இவ்வளவு நல்லதாக ஒன்றைச் செய்து எங்களைத் தோற்கடித்தாயே, அதனால்தான் எனக்கு என் வேலை திரும்பக் கிடைத்தது. சிஸுயே அன்றைக்கு விசேஷத்துக்கு வைக்கிற செம்பருப்புச் சோறு வைத்தாள். ரொம்ப நன்றி, தம்பி.

நீ கூப்பிட்டதற்கும் நன்றி. வர மாட்டேன். நான் இந்தக் கம்பெனி ஆள்.

நாளையிலிருந்து நான் உனக்கு எதிராக வேலை செய்கிறேன். அதனால் நாம் எழுதிக்கொள்வது இதோடு நிற்கட்டும், இதற்கு நீயும் பதில் போடாதே. நான் சுமாராகச் செய்வேன் என்று மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதே. உன் ஆட்கள் ஆறு பேரையும் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்
மிசோகுச்சி