சோற்றை விட்டவனுக்கு

கானி,

சினிகாங் புளிக்குழம்பு அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துக்கொள். உன் அக்கா பெர்லிதா பத்து மணிக்குப் பார்லிப் பொடியோடு வருவாள். "மாத்திரையெல்லாம் விஷம்டா தம்பி, இதக் குடிச்சா பிரஷர் பறந்துடும்" என்பாள். ஞாயிறு பூசையில் அவள் விசிறியை எடுத்தபோது கைப்பையிலிருந்து பிரஷர் மாத்திரை அட்டை விழுந்தது. நான்தான் பொறுக்கிக் கொடுத்தேன்.

நீயோ, "நான் சோத்தையே விட்டுட்டேன்" என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடிக்கிறாய். காலையில் பார்த்தால் பானை அடிவரை சுரண்டிக் கிடக்கிறது. நம் வீட்டு எலிக்குக் கரண்டி பிடிக்கத் தெரியாது.

நான் போகவேண்டிய ஜீப்னி வண்டி வந்துவிட்டது.

உன் மனைவி லூர்திதா

பி.கு.: நீ குப்பையில் போட்ட உன் பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்துச் சோற்றுப்பானை மூடியில் ஒட்டியிருக்கிறேன். சோற்றை விட்டவன் கண்ணில் அது படாது. உன் கண்ணில் கட்டாயம் படும்.