பாட்டு லிஸ்டின் பெயர்

ஜூலை 8, செவ்வாய்
புகைமூட்டம். தொண்டை எரிச்சல். கிள்ளான் ஆபீசுக்கு இருபது நிமிஷம் லேட். அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்கணும்.

தங்கச்சி தேவி மூணு வாரமா போன் எடுக்கறதில்லை. மெசேஜ் மட்டும்: "பிஸி சிஸ்." என்னை அவ ஒருநாளும் சிஸ்னு கூப்பிட்டதில்லை. அது அவ புருஷன் குமரன் எழுத்து. ஞாயிறு பந்திங்கில் இருக்கிற அவ வீட்டுக்குப் போனேன். கேட்டிலேயே நிறுத்திட்டான். "தூங்குறா, அப்புறம் வாங்க."

அம்மா: "கல்யாணமாகி எட்டு மாசம்தான். தலையிடாதே."

பாட்டு ஆப்பில் யார் என்ன கேக்கறாங்கன்னு காட்டும். பத்து மணிக்கு தேவி பேர் வந்தது. ஒரே பாட்டு, ஒன்பது தடவை. உயிரோட இருக்கா.

ஜூலை 9, புதன்
அவ கல்யாணத்துக்கு நானும் அவளும் சேர்ந்து ஆப்பில் போட்ட பாட்டு லிஸ்ட். ஒரு பாட்டு சேர்த்தேன். அஞ்சு நிமிஷத்தில் காணோம். அவளா எடுத்தா, அவனா?

பக்கத்து மேசை நித்யா: "லிஸ்ட் பேர மாத்திப் பாரு லா. ரெண்டு பேராலயும் மாத்த முடியும்ல?"

'கல்யாணப் பாட்டு' என்பதை 'நல்லா இருக்கியா' என்று மாத்தினேன். சாப்பாட்டு நேரம் பூரா போனையே பார்த்துக்கிட்டிருந்தேன்.

3.40. பேர் மாறியிருந்தது: 'இல்லை'.

டாய்லெட்டில் போய் உட்கார்ந்தேன்.

ஜூலை 10, வியாழன்
நான்: 'வரவா'.
அவ: 'சனி 11 மணி அவர் வேலை'.
உடனே பழையபடி 'கல்யாணப் பாட்டு'.

அம்மாவிடம் சொல்லலை.

ஜூலை 11, வெள்ளி
லிஸ்டில் புதுசா ஒரு குத்துப்பாட்டு. தேவிக்குப் பிடிக்காத வகை. லிஸ்ட் அவன் கையில் சிக்கிட்டதா? நாளைக்குப் போனா அவனே நிப்பானா?

பேரை மாத்தினேன்: 'நம்ம பூனை பேர்'. பூனை செத்தது குமரன் வர்றதுக்கு முன்னாடி.

ஒரு மணி நேரம் ஒண்ணுமில்லை. இன்வாய்ஸில் ரெண்டு தப்பு, பாஸ் முறைச்சார்.

'சட்டி'.

அவதான்.

ஜூலை 12, சனி
நித்யா கார். செம்பனைத் தோட்டம் ஓரம், கடைசி வரிசை வீடு. கேட்டில் வெளிப்பூட்டு. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் தேவி, பாதியாகியிருந்தா.

"அக்கா, சாவி அவர்ட்ட."

நித்யா போலீசுக்குப் போன் அடிச்சா. வர்றோம்னாங்க. அதுக்குள்ள பக்கத்து வீட்டு மலாய் ஆன்டி வேலியோரம் வந்து நின்னாங்க. கத்தப் போறாங்கன்னு நினைச்சேன். உள்ளே போய் இரும்பு வெட்டும் கத்தரியோட வந்தாங்க. "தினமும் அழுகைச் சத்தம். கேட்டுக்கிட்டு சும்மா இருந்துட்டேன்" — மலாயில், என் முகத்தைப் பார்க்காம.

கேட் பூட்டுக்கு ரெண்டு தடவை. கதவுப் பூட்டுக்கு நாலு. தேவி அடையாள அட்டை ஐ.சி.யை மட்டும் எடுத்துக்கிட்டு வெளியே வந்தா. மணிக்கட்டில் பழைய நீலம்.

போலீஸ் வந்ததும் ஸ்டேஷன். ரிப்போர்ட் எழுத மூணு மணி நேரம். எங்க வீட்டுக்கு வர்ற வழியில காரில் தேவி சொன்னா: "போனைப் பிடுங்கிட்டாரு. அடுப்படியில இருந்த டேப்லெட்ல பாட்டு ஆப் மட்டும் விட்டு வச்சாரு. நேத்து பக்கத்துல உட்கார்ந்து அவரே ஒரு பாட்டுப் போட்டாரு. செத்தேன்னு நினைச்சேன்."

ஜூலை 13, ஞாயிறு
குமரன் இருபது தடவைக்கு மேல கூப்பிட்டுட்டான். நான் எடுக்கலை. தேவி அறையை விட்டு வரலை.

மத்தியானம் அம்மா என் போனை வாங்கி, அவங்களே எடுத்தாங்க. அவன் கத்தினது எனக்கே கேட்டது. முடிக்கிற வரைக்கும் பொறுமையா நின்னாங்க.

"அனுப்ப மாட்டேன் தம்பி. ஒரு தடவை அனுப்புனதே என் தப்பு."

வச்சுட்டு வாசல் கேட்டைப் பூட்டப் போனாங்க. பாதி வழியில நின்னு, திரும்பித் தேவி அறைக்குப் போய், சாவியை அவ கையில் கொடுத்தாங்க.