ஆறு தடவை விழலாம்

ஜனவரி 11

கடல் தாண்டிக் குடியிருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். நீங்கள் நலமில்லை என்றாலும் சொல்ல மாட்டீர்கள், அதனால் கேட்கவில்லை. பார்சல் வந்தது. ஏழு வருஷமாக வெளிநாட்டில் இருக்கிற மனுஷன் என்னதான் அனுப்பியிருக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரி கதவோரம் வந்து நின்றுவிட்டாள். பிரித்தால் சப்பிப்போன தோல் ஒன்று. கைப்பை என்று நினைத்து ஜிப்பைத் தேடினேன். உங்கள் தங்கைதான், "அண்ணி, இது பந்து. காத்து இல்ல, அவ்ளோதான்" என்றாள். சைக்கிள் கடையில் கொடுத்து அடித்தோம். அடித்து முடித்த கடைக்காரர், "உருண்டையா வரமாட்டேங்குதே, என் மேல பழி போடாதீங்க" என்றார்.

போனில் கேட்டால் உங்களுக்கு லைன் போய்விடுகிறது. கடிதத்துக்கு லைன் போகாது என்று எழுத உட்கார்ந்தேன். ஊருக்கு வாங்க என்று கூப்பிட்டால் ரக்பி லீக் பந்து வருகிறது. போன மாதம் போனில், "பதிமூணு பேரைச் சேர்த்துக் காட்டு, நானே வந்து பயிற்சி கொடுக்கிறேன்" என்றீர்களே, அது நிஜமா, சும்மா வாய்ச்சொல்லா? நிஜமென்றால் எப்போது வருகிறீர்கள்?

உங்கள் வீட்டுக்காரி

ஜனவரி 30

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

நிஜம்தான். பதிமூன்று பேர் சேர்ந்தால் வருகிறேன். சட்டம் சொல்கிறேன், எல்லோருக்கும் படித்துக் காட்டு. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடலாம். அடுத்தவர் கையில் கொடுப்பதென்றால் பின்னால் வருபவருக்குத்தான் கொடுக்க வேண்டும். எதிரணிக்காரர்கள் பிடித்துக் கீழே சாய்ப்பார்கள். எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டி, மறுபடி ஓட வேண்டும். இப்படி ஆறு தடவைதான். ஆறாவது தடவையும் விழுந்தால் பந்தைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் போய் நிற்க வேண்டும். அதன்பின் பந்து எதிரணிக்கு. கெஞ்சவோ சண்டை போடவோ கூடாது.

கனமானவர்கள் முன்வரிசை. எட்டாம் நம்பர் சட்டை உனக்கென்றே தைத்தது மாதிரி இருக்கும். நம் ஊரில் இதெல்லாம் நடக்கிற காரியமில்லை. இருந்தாலும் முயற்சி செய்து பார்.

உன் கணவன்

பிப்ரவரி 22

என்னை எடை போடத் தெரிந்த என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில், சோப்புத்தூள் டிரம்முக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டேன். அதுதான் எங்கள் சட்டப் புத்தகம். ஒருவர் விடாமல் படித்தாயிற்று. கொஞ்சுகிற வரி ஒன்றுகூட இல்லாததால் எனக்கு வெட்கப்படவும் வேலையில்லை.

பின்னால் கொடுப்பதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. துவைக்கிற மெஷின்கள் முன்னால், உலர்த்துகிற மெஷின்கள் பின்னால், நடுவில் ஒரு ஆள் நுழைகிற சந்து. வரிசையாக நின்று, ஈர விரிப்பு மூட்டையைத் திரும்பிப் பார்க்காமல் இடுப்போரமாகப் பின்னால் நிற்பவளிடம் தள்ளிவிடுவதுதானே எங்கள் பிழைப்பு. மைதானத்தில் பந்தும் அப்படியே போனது. ஓடுவதுதான் வரவில்லை. பாதி தூரத்தில் இஸ்திரிக்காரி நின்று, "நான் எதுக்கு ஓடுறேன்னு மறந்துபோச்சு" என்றாள்.

இப்போது ஒன்பது பேர். ஷிப்ட் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்தில் ஆடுகிறோம். அடிபட்டாலும் ஆட்டோ செலவு இல்லை. இன்னும் நாலு பேர்தான் பாக்கி. டிக்கெட்டுக்குச் சொல்லிவைத்தீர்களா? எப்போது வருகிறீர்கள்?

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 14

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

ஒன்பது பேர் என்றது ஆச்சரியமாக இருந்தது. இங்கே ரக்பி லீக் கிளப்பில் சொன்னேன், கைதட்டினார்கள். வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றச் சொல். பிடிக்கும்போது இடுப்புக்குக் கீழே பிடிக்கச் சொல், கழுத்தில் கை போகக் கூடாது. குளிர்கிடங்கில் ஆள் குறைவு, எனக்கு வேலை அதிகம். மற்றவை பிறகு.

உன் கணவன்

ஏப்ரல் 3

மற்றவை பிறகு என்று எழுதிவிட்டு மற்றவையை எழுதாத என் வீட்டுக்காரருக்கு,

பதிமூன்று ஆகிவிட்டது.

பதிமூன்றாவது ஆள் உங்கள் தங்கை. விரிப்பு மடிக்கிற மேஜையை விட்டு வரமாட்டேன் என்று ஒரு மாதம் பிகு செய்தாள். வந்த முதல் நாளே பந்தோடு என்னை நோக்கி ஓடி வந்தாள். இடுப்புக்குக் கீழே பிடித்தேன், சாய்த்தேன், மேலே விழுந்தேன். எல்லாம் உங்கள் சட்டப்படி. நாத்தனாரைத் தூக்கிப் போட்டுக் கைதட்டல் வாங்கிய அண்ணி இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கல்யாணமான நாளிலிருந்து மனதில் கிடந்த கணக்கு அன்றைக்குத் தீர்ந்தது. மறுநாள் அவளும் தீர்த்துக்கொண்டாள். முதுகு பிடித்துக்கொண்டு மூன்று நாள் விறைப்பாக நடந்தேன். இப்போது இருவரும் ஒரே தைல பாட்டிலில் தேய்த்துக்கொள்கிறோம்.

வீட்டில் உங்கள் சட்டைகளைத் துவைத்துப் பெட்டி போட்டு வைத்திருக்கிறேன். எப்போது வருகிறீர்கள்?

உங்கள் வீட்டுக்காரி

ஏப்ரல் 25

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

பாராட்டுகள். ஆனால் நான் ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். களத்தில் பதிமூன்று பேர், வெளியே மாற்று ஆட்கள் நாலு பேர். மொத்தம் பதினேழு. பதினேழு பேர் இல்லாமல் யாரும் அணி என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

உன் கணவன்

மே 18

நாலு பேரை விட்டுவிட்ட என் வீட்டுக்காரருக்கு,

பதினேழு.

சமையலறையிலிருந்து இருவர், மருந்துக் கிடங்கிலிருந்து ஒருத்தி, வாசலில் டோக்கன் கொடுக்கிற பெண் ஒருத்தி. பதிவு செய்யலாம் என்று விளையாட்டு அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி, ரக்பிக்குப் பதினைந்து பேர், பதிமூன்று பேர் ஆடுகிற ரக்பி எதுவும் தன்னிடம் இல்லை என்றார். இது ரக்பி லீக், அது வேறு, இது வேறு என்று உங்கள் தங்கை விளக்கினாள். அவருக்கு ஏறவில்லை. "அப்ப மீதி ரெண்டு பேர் எங்கம்மா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "அவங்களுக்கு வீட்டுல வேலை இருக்குங்க சார்" என்றேன். பாவம், குறித்துக்கொண்டார்.

பதிவு கிடைக்கவில்லை. மைதானம் கிடைத்தது, ஞாயிற்றுக்கிழமைகளில். அதிகாரி மனைவிக்கு நம் சமையலறைப் பெண் தூரத்து உறவாம்.

எப்போது வருகிறீர்கள்? இதை நான் எழுதும்போதெல்லாம் கூடத்தில் எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். என் முகம் உங்களுக்குத் தெரியும், ஒன்றும் காட்டாது.

உங்கள் வீட்டுக்காரி

ஜூன் 9

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

நீ இவ்வளவு தூரம் போவாய் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் எதிரணி இல்லாமல் யாருக்காகப் பயிற்சி? இன்னொரு அணி உருவானால்தான் நான் வருவதில் அர்த்தம்.

இங்கே சனிக்கிழமை காலை மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது நான்தான். கிளப்பின் மேல்சட்டை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். கிடங்கில் நான் ஒரு அட்டை நம்பர். மைதானத்தில் வழியில் பார்க்கிறவர்கள் எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நான் போகாவிட்டால் கோடு கோணலாகிவிடும். இதை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

உன் கணவன்

ஜூலை 6

நேர்க்கோடு போடுகிற என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் நேராகக் கோடு போடுகிறீர்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி. நம் வீட்டுச் சுவரில் அடித்த ஆணிகளைப் பார்த்தவள் நான். சந்தோஷம். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

எதிரணி கிடைத்தது. பஸ் டிப்போ கண்டக்டர் பெண்கள். கூட்ட நேரத்தில் முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை இடித்துக்கொண்டு போய்ப் பழகியவர்கள், அவர்களைப் பிடித்துச் சாய்ப்பது லேசில்லை. பத்தொன்பது பேர் வந்தார்கள். உங்கள் கடிதத்தை நகல் எடுத்து அவர்களுக்கும் ஒன்று கொடுத்தோம். பெண்கள் பள்ளி விளையாட்டு டீச்சர் விசில் ஊதச் சம்மதித்திருக்கிறார். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு ஆட்டம். உங்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போடுகிறோம். எப்போது வருகிறீர்கள்?

உங்கள் வீட்டுக்காரி

ஜூலை 30

என்னங்க,

எப்போது வருகிறீர்கள்?

ஆகஸ்ட் 17

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

மறைக்க விரும்பவில்லை. வேலை ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டித்துவிட்டேன். மார்ச்சிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தேன்.

ஆட்டத்துக்கு விளையாட்டு டீச்சர் எல்லாம் போதாது, முறையாகத் தேர்ச்சி பெற்ற நடுவர் வேண்டும். அப்படி ஒருவர் கிடைத்தால் எழுது. அடுத்த வருஷம் லீவு கேட்டுப் பார்க்கலாம்.

உன் கணவன்

செப்டம்பர் 2

என் வீட்டுக்காரருக்கு,

ஆட்டம் நடந்தது. டிப்போ பதினாறு புள்ளி, நாங்கள் பன்னிரண்டு. டீச்சர் நன்றாகவே ஊதினார். முதல் பாதியில் இரண்டு பக்கமும் ஒரே நிறச் சட்டை என்பதால் யார் யாரைப் பிடிக்கிறோம் என்று தெரியாமல் எங்கள் மருந்துக் கிடங்குப் பெண்ணை நாங்களே இரண்டு தடவை சாய்த்தோம். பாதியில் டிப்போக்காரர்கள் காக்கிச் சட்டைக்கு மாறினார்கள். உங்கள் தங்கை கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்துப் புள்ளி எடுத்துவிட்டு எழுந்திருக்கவே இல்லை. அடிபட்டுவிட்டது என்று ஓடினோம். சிரித்துக்கொண்டு கிடந்தாள். முன்வரிசை நாற்காலியில் விளையாட்டு அதிகாரி உட்கார்ந்தார். அந்த இரண்டு பேர் இன்றைக்கும் வரவில்லையா என்று விசாரித்தார்.

உங்கள் கடிதம் ஆட்டத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஆட்டத்துக்கு மறுநாள் கூடத்துக்கு எடுத்துப் போனேன். நானும் உங்கள் தங்கையும் ஆளுக்கு ஒரு முனை பிடித்து விரிப்பு மடித்துக்கொண்டிருந்தோம். நான் அடுத்த கடிதத்தில் நடுவர் விஷயத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று யோசனை கேட்டேன். அவள் மடிப்பை நிறுத்தவில்லை. சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, "ஆறாச்சு அண்ணி. பந்தைக் கீழ வைங்க" என்றாள். மெஷின் சத்தத்திலும் வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்டுவிட்டது. மூட்டை நிற்காமல் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

எப்போது வருகிறீர்கள் என்று எழுதியதையெல்லாம் வீட்டுக்கு வந்து விரல் விட்டு எண்ணினேன். சரியாகத்தான் சொன்னாள்.

சட்டம் நீங்கள் எழுதியது, அதனால் சண்டை இல்லை. கெஞ்சலும் இல்லை. கோடு போடுங்கள், மேல்சட்டை போட்டுக்கொள்ளுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடத்தில் இருங்கள். பெட்டி போட்ட உங்கள் சட்டைகளில் இரண்டை எட்டாம் நம்பர் தைக்க எடுத்துக்கொண்டேன். தோளில் கொஞ்சம் பிரித்துவிட வேண்டியிருந்தது.

டிப்போ சங்கத்தில் புதுப் பந்து இரண்டு வாங்கித் தந்திருக்கிறார்கள். உங்கள் பந்தை இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன். காற்றோடு வாங்க மாட்டேன் என்றார் தபால் ஆபீஸ்காரர். அங்கேயே உட்கார்ந்து இறக்கினேன், கொஞ்ச நேரம் ஆயிற்று. அடித்துக்கொள்வதும் ஓடுவதும் இனி உங்கள் பாடு.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி இருக்கிறது. மழை பெய்தாலும் உண்டு.

எட்டாம் நம்பர்